குழந்தை வளர்வதற்குள் ஒரு ஸ்வெட்டர்

பிறக்கும்போது ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் நீளம் இருக்கும் குழந்தை, முதல் பிறந்தநாளுக்குள் 75 சென்டிமீட்டரைத் தொட்டுவிடுகிறது. எடை ஐந்தாம் மாதவாக்கில் இரண்டு மடங்காகிறது, ஓராண்டில் மூன்று மடங்காகிறது. பிறந்த பிறகு மனித உடல் இந்த வேகத்தில் மறுபடி வளர்வதே இல்லை. இப்படிப்பட்ட குழந்தைக்குக் கையால் ஸ்வெட்டர் பின்ன உட்காருகிறவர், பாட்டியோ அத்தையோ அப்பாவோ, தானாகவே ஒரு தேதி குறித்துக்கொள்வார். பிரசவத்துக்குள், பெயர் வைப்பதற்குள், குளிர் தொடங்குவதற்குள். யாரும் கேட்காத தேதிதான். ஆனாலும் அது தள்ளிப்போனால் ஸ்வெட்டர் தயாராக இருக்கும், அதற்குள் நுழையும் உடம்பு இருக்காது.

ஒரே நிறத்தில் பின்னுவதானால் இதில் பெரிய சிக்கல் இல்லை. ஒரே சுற்றில் இரண்டு நிற நூல்களை மாற்றி மாற்றிப் பிடித்து, நட்சத்திரமும் சிலுவையும் அலையுமாக உரு எழுப்பும் வண்ணப் பின்னலில்தான் கதை வேறாகிறது. அந்த வேலையில் கையை அவசரப்படுத்த முடியாது. நேரத்தை மிச்சம் பிடிக்க வேண்டுமானால், ஊசியை எடுப்பதற்கு முன்பே பிடிக்க வேண்டும்.

இந்தக் கலையின் பெயர்பெற்ற ஊர் ஃபேர் ஐல். ஸ்காட்லாந்துப் பெருநிலத்துக்கு வடக்கே, ஆர்க்னி தீவுகளுக்கும் ஷெட்லாந்து தீவுகளுக்கும் நடுவில் கடலில் தனித்து நிற்கும் தீவு. சுமார் 5 கிலோமீட்டர் நீளம், அறுபது பேருக்குள் மக்கள். இத்தனை சிறிய ஊரின் பெயரை உலகமெங்கும் ஒரு துணிவகைக்கு வைத்திருக்கிறார்கள். 1588இல் ஸ்பானிய ஆர்மடாவைச் சேர்ந்த எல் கிரான் கிரிஃபோன் என்ற கப்பல் இத்தீவின் பாறைகளில் மோதி உடைந்தது உண்மை. கரையேறிய மாலுமிகளிடமிருந்துதான் தீவுப் பெண்கள் இந்த உருக்களைக் கற்றார்கள் என்ற கதை மட்டும் ஆதாரமற்றது. இதே இனத்துப் பின்னல் நார்வேயிலும் பால்டிக் கரையோர நாடுகளிலும் உண்டு. வடகடலில் மீனும் உப்பும் ஏற்றிப் போய்வந்த கப்பல்களோடு உருக்களும் பயணம் செய்தன என்று எண்ணுவதே பொருத்தமாகப் படுகிறது.

1922இல் வேல்ஸ் இளவரசர், பின்னாளில் எட்டாம் எட்வர்டு, செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் மைதானத்துக்கு ஃபேர் ஐல் ஸ்வெட்டர் அணிந்து வந்தார். மீனவர் உடை ஒரே மூச்சில் நாகரிக உடையாயிற்று. அடுத்த ஆண்டே ஸ்டான்லி கர்சிட்டர் என்ற ஸ்காட்லாந்து ஓவியர் ஃபேர் ஐல் ஸ்வெட்டர் அணிந்த பெண்ணை வரைந்து, ஓவியத்துக்கும் அந்தப் பெயரையே வைத்தார்.

இந்தப் புகழுக்கு முன்னால் இருந்த நிலைமையையும் சொல்லியாக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில், அண்டையிலுள்ள ஷெட்லாந்துப் பெண்கள் பின்னிக் கொடுத்த சால்வைக்கும் காலுறைக்கும் வணிகர்கள் பெரும்பாலும் பணம் தரவில்லை. தேயிலை, துணி என்று தங்கள் கடைச் சரக்கையே கூலியாகத் தந்தார்கள். இந்த முறையைப் பற்றி அரசு நடத்திய விசாரணையின் அறிக்கை 1872இல் வெளிவந்தது. அந்தப் பெண்கள் கரிக்குப் பதிலாக எரிக்கும் பீட் மண்ணைக் கூடையில் முதுகில் சுமந்து நடக்கும்போதும் கை ஓயாமல் பின்னிக்கொண்டே போனார்கள். இடுப்பில் துளைகள் நிறைந்த தடித்த தோல் பட்டை ஒன்றைக் கட்டி, ஊசியின் ஒரு முனையை அதில் செருகிவிட்டால் ஊசியின் பாரம் கையைவிட்டுப் போய்விடும், வலக்கை நூலை மட்டும் பார்த்துக்கொள்ளும். இந்தப் பட்டையை ஷெட்லாந்தில் இன்றும் பயன்படுத்துகிறார்கள். 3 நிமிடத்தில் 262 கண்ணி பின்னிய ஹேசல் டிண்டல் அந்த மண்ணைச் சேர்ந்தவர்தான். வயிற்றுக்காக ஓடிய கைகள் கண்டுபிடித்த உத்திகளைத்தான் இன்று ஆசைக்காகப் பின்னுகிறவர்கள் பயன்படுத்துகிறோம். அதை மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

சரி, துணியைப் பார்ப்போம். பின்னல் துணி என்பது கண்ணிக்குள் கண்ணி கோத்த அமைப்பு. நெசவுத் துணியில் நூல் நேராக ஓடுகிறது. பின்னலில் அது வளைந்து வளைந்து போவதால் இழுத்தால் கண்ணி அகலமாகும், விட்டால் பழைய வடிவுக்குத் திரும்பும். வண்ணப் பின்னலில் ஒரு நிறம் முன்னால் கண்ணியாகும்போது மற்ற நிறம் துணியின் பின்புறத்தில் நேராக ஓடிக் காத்திருக்கும். அந்த நூல்கள் வளையாதவை, அதனால் துணி அதிகம் இழுபடாது. அந்த நூல்களாலேயே துணி இரட்டைத் தடிப்பாகி, இரண்டு அடுக்குக்கும் இடையே காற்றைச் சிறைப்பிடித்து வைக்கும். வடகடல் காற்றில் மீன் பிடித்தவர்களுக்கு இதன் அருமை தெரிந்திருக்கும்.

அவசரம் எங்கே பதிகிறது என்பதும் இங்கேதான் விளங்கும். பரபரப்பான கை நூலை இறுக்குகிறது. பின்னே ஓடும் நூல் தேவைக்குக் கால் சென்டிமீட்டர் குறைந்தாலும் முன்னால் உள்ள கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்து இழுக்கும், பூ இருக்கும் இடத்தில் சுருக்கம் விழும். ஓரளவு சுருக்கத்தைத் தண்ணீரில் ஊறவைத்துச் சரிசெய்யலாம். கடுமையாக இறுகியதை எந்தத் தண்ணீரும் தளர்த்தாது, பிரித்துத்தான் ஆக வேண்டும். கை பழகியவர்கள் சில கண்ணிகள் பின்னியதும் அவற்றை வலது ஊசியில் விரலால் பரப்பிவிட்டு, அதன் பிறகே நிறம் மாற்றுகிறார்கள். கைப்பகுதி போன்ற குறுகிய சுற்றில் இறுக்கம் இன்னும் கூடும். அங்கே வேலையை உள்வெளியாகத் திருப்பிப் பின்னினால் பின்னோடும் நூல் வெளிச்சுற்றில் நீள வேண்டியிருக்கும், தானாகவே தளர்வாக விழும்.

பார்க்கிறவர்கள் பத்து நிறம் என்று மலைத்தாலும், மரபான ஃபேர் ஐல் பின்னலில் எந்தச் சுற்றிலும் இரண்டு நிறத்துக்கு மேல் கிடையாது. சில சுற்றுக்கு ஒருமுறை பின்னணி நிறமோ உருவின் நிறமோ மாறும், அவ்வளவுதான். உருக்கள் பெரும்பாலும் சாய்கோடுகளால் ஆனவை, அதனால் நூல் மாறும் இடம் சுற்றுக்குச் சுற்று நகர்ந்து இழுவிசை துணி முழுக்கப் பரவுகிறது. அழகும் உறுதியும் ஒரே முடிவில் கிடைத்த இடம் இது. இரண்டு நூல்களில் எது கீழிருந்து வருகிறதோ அதன் கண்ணி ஒரு மயிரிழை பெரிதாக விழுந்து கண்ணுக்கு முந்தித் தெரியும். ஆகவே உருவின் நிறத்தை எந்தப் பக்கம் பிடிக்கத் தொடங்கினோமோ கடைசிவரை அந்தப் பக்கமே பிடிக்க வேண்டும். நடுவில் மாற்றினால் பூ பாதி உயரத்தில் மங்கிவிடும். நிறத் தேர்வுக்கு ஒரு சோதனை உண்டு. நூல் உருண்டைகளைச் சேர்த்து வைத்து, கைபேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுங்கள். சாம்பல் நிறத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் அந்த ஜோடி துணியிலும் கலங்கும், சிவப்பும் பச்சையுமாக இருந்தாலும்கூட.

இனி கணக்கு. ஆறு மாதக் குழந்தையின் மார்பளவு சுமார் 43 சென்டிமீட்டர். உள்ளே ஒரு சட்டை, மூச்சுக்கு இடம் என்று 5 சென்டிமீட்டர் கூட்டினால் 48. ஷெட்லாந்து மெல்லிய இரட்டை இழை நூலில் சென்டிமீட்டருக்கு 3 கண்ணி என்று வைத்துக்கொண்டால் சுற்றுக்கு 144 கண்ணி. 144 மிக உதவியான எண். 6, 8, 12, 16, 18, 24 என்று எத்தனை கண்ணியில் ஒரு உரு முடிந்தாலும் மிச்சமில்லாமல் வகுபடும். உடல் பகுதிக்கு 85 சுற்று என்றால் 12,240 கண்ணி. கை ஒன்றுக்குச் சராசரி 48 கண்ணியில் 55 சுற்று, இரண்டு கைக்கும் 5,280. கழுத்துப் பட்டையோடு மொத்தம் 18,000. நிதானமாகப் பின்னுகிறவர் நிமிடத்துக்கு 20 கண்ணி போட்டால் 15 மணி நேரம். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் வேலைக்குப் போய்வந்து இரவில் அரை மணி கிடைப்பவருக்கு அது ஒரு மாதம். அதற்கு மேல் மாதிரித் துண்டு பின்னுவது, பிரித்துப் போடுவது, நூல் முனைகளை ஊசியால் உள்ளே செருகுவது, அலசுவது, காய்வது. இரண்டு மாதம் என்று தேதி குறிப்பவர் நிம்மதியாகத் தூங்குவார்.

மாதிரித் துண்டை விட்டுவிட்டு நேரே தொடங்கலாமா என்ற ஆசை இங்கே எல்லோருக்கும் வரும். விடவே கூடாது. சென்டிமீட்டருக்கு 3 கண்ணி என்ற இடத்தில் கை இறுகி மூன்றரை விழுந்தால், 144 கண்ணி 41 சென்டிமீட்டராகச் சுருங்கும். ஆறு மாதத்துக்குப் பின்னியது பிறந்த குழந்தைக்கான அளவாகிவிடும். ஒரு மாலை செலவழித்து ஒரு மாதத்தைக் காப்பாற்றும் வேலை அது. அந்தத் துண்டை ஊறவைத்துக் காயவைத்த பிறகே அளக்க வேண்டும்.

மரபு கற்றுத்தரும் பெரிய சேமிப்பு, ஸ்டீக். முன்திறப்பு உள்ள ஸ்வெட்டரைக்கூட ஷெட்லாந்தில் திறப்பே இல்லாத குழாயாகச் சுற்றிச் சுற்றிப் பின்னுவார்கள். சுற்றிப் பின்னும்போது துணியின் முன்பக்கம் எப்போதும் கண்ணெதிரே இருக்கும், திருப்பிப் பின்ன வேண்டிய தேவை இல்லை, உரு தவறினால் உடனே தெரியும். திறப்பு வர வேண்டிய இடத்தில் எட்டு, பத்துக் கண்ணி கூடுதலாகச் சேர்த்து, எல்லாம் முடிந்ததும் அந்தப் பட்டையின் நடுவில் கத்தரியால் மேலிருந்து கீழாக வெட்டிவிடுவார்கள். முதன்முறை பார்ப்பவர்கள் பதறுவார்கள். ஆனால் ஷெட்லாந்துக் கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. பின்னியிருக்கும் நிலையில் அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். வெட்டுப்பட்ட முனைகள் பக்கத்துக் கண்ணிகளின் ஊடாகப் பக்கவாட்டில் உருவி வந்தால்தான் துணி பிரியும், பிடிமானம் அதற்கு விடாது. நிற மாற்றங்களையெல்லாம் இந்தப் பட்டையிலேயே வைத்துக்கொண்டால் டஜன்கணக்கான நூல் முனைகளும் வெட்டோடு போய்விடும். அவற்றைச் செருகும் மணிக்கணக்கான வேலை இல்லாமலே ஆகிறது. கடைகளில் மெஷினில் துவைக்கலாம் என்று விற்கும் கம்பளியில் அந்தச் செதில்களை மழுக்கியிருப்பார்கள். பருத்தியிலும் அக்ரிலிக்கிலும் செதிலே கிடையாது. அவற்றை வெட்டும் முன் இருபுறமும் தையல் மெஷினில் தைத்துக்கொள்வது கட்டாயம்.

கைக்குழந்தைக்குப் பின்னும்போது இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே முடியாது. ஒன்று கழுத்து. பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு மார்பளவைவிடப் பெரியது, வண்ணப் பின்னலோ இழுபடாது. ஆகவே தோளில் பொத்தான் அல்லது முன்திறப்பு வேண்டும், பொத்தானை அசையாமல் தைக்க வேண்டும். இரண்டாவது பின்னோடும் நூல்கள். தலைமுடியோ நூலோ கைக்குழந்தையின் விரலில் சுற்றி இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுப்பது மருத்துவர்கள் அறிந்த ஆபத்து. பெரியவர் ஸ்வெட்டரில் ஏழு கண்ணி நீளத்துக்கு நூலை ஓடவிடலாம். குழந்தையின் கைப்பகுதியில் நாலைந்து கண்ணிக்கு மேல் விடாதீர்கள், விட வேண்டிவந்தால் நடுவில் ஒருமுறை முன்நூலோடு முறுக்கிப் பிடித்துவிடுங்கள். உருவைத் தேர்ந்தெடுக்கும்போதே சிறிய உருவாகத் தேர்ந்தால் இந்த வேலையும் மிச்சம்.

கடைசியில் இளஞ்சூடான தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, பிழியாமல் துண்டில் உருட்டி நீரை ஒற்றி எடுக்க வேண்டும். ஷெட்லாந்தில் மரச்சட்டத்தில் மாட்டிக் காயவைப்பார்கள். நமக்குத் தரையில் விரித்த துண்டு போதும். ஈரத்தில் கம்பளி இழை தளர்ந்து, மேடுபள்ளமான கண்ணிகள் ஒழுங்குக்கு வரும். காய ஓரிரு நாள் ஆகும், அதையும் தேதிக்குள் அடக்க வேண்டும்.

உதகையிலோ கொடைக்கானலிலோ, டொராண்டோவிலோ ஆஸ்லோவிலோ பிறக்கப் போகும் குழந்தைக்கு இதை முயல நினைப்பவர்கள், பிறந்த குழந்தை அளவை மறந்துவிடுங்கள். அது ஓரிரு மாதம்கூடப் பொருந்தாது. பிறக்கும் மாதத்திலிருந்து எண்ணி, முதல் குளிர்காலத்தில் குழந்தைக்கு எத்தனை மாதம் ஆகியிருக்கும் என்று பார்த்து, அதற்கு மேல் ஒரு அளவு பெரிதாகப் பின்னுங்கள். நீளமான கையை மடித்துவிடலாம். நேரம் போதவில்லையென்றால் மார்புக்கு மேலே மட்டும் ஒரு வண்ணப் பட்டையும் மற்றதெல்லாம் ஒற்றை நிறமுமாக வைத்துக்கொள்ளுங்கள். வேலை நிறையக் குறையும், குழந்தைக்குக் கதகதப்பு கொஞ்சம்தான் குறையும்.