பாதத்தைக் கவ்வும் பெடல்

குரங்குப் பெடல் போட்டுச் சைக்கிள் பழகும் சிறுவனின் கால் பெரும்பாலும் முழு வட்டம் சுற்றுவதில்லை. பாருக்கு அடியில் காலை நுழைத்து, பெடலை அரை வட்டம் கீழே அழுத்துவான். பிறகு அதைப் பின்னுக்குச் சுழற்றி மேலே கொண்டுவந்து மறுபடி அழுத்துவான். வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். சைக்கிளை நகர்த்தும் விசை ஏறக்குறைய முழுவதும் கீழ்நோக்கிய அந்த அழுத்தத்தில்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிட எளிய செய்முறை விளக்கம் கிடையாது. ஆனால் மலைப்பாதையில் ஓட்டவென்று மவுண்டன் பைக் வாங்கிய புதியவரிடம் வேறு கதை சொல்லப்படுகிறது. ஷூவைப் பெடலோடு பூட்டிக்கொள்ளுங்கள், காலை அழுத்தும்போது மட்டுமல்லாமல் தூக்கும்போதும் சக்கரத்துக்கு விசை போகும், அதே உழைப்பில் கூடுதல் தூரம் போகலாம் என்கிறார்கள். கிளிப்லெஸ் பெடல் என்னும் கருவி நெடுங்காலமாக இந்தக் காரணத்தைச் சொல்லித்தான் விற்கப்படுகிறது. கருவியில் குறையில்லை, சொல்லப்படும் காரணம்தான் தவறு. அந்தத் தவறினால் புதியவர்கள் தேவையில்லாத இடத்தில் பணத்தைக் கொட்டுகிறார்கள். கவனம் வைக்க வேண்டிய இடத்தைக் கவனிக்காமல் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொள்கிறார்கள்.

பெயரே முதலில் குழப்பும். கிளிப்லெஸ் என்றால் கிளிப் இல்லாதது என்று பொருள். ஆனால் மிதித்தவுடன் ‘கிளிக்’ என்ற ஓசையோடு ஷூவைக் கவ்விக்கொள்வது இந்தப் பெடல்தான். முன்பு பந்தய ஓட்டிகள் பெடலின் முன்புறத்தில் ஒரு கூண்டைப் பொருத்தி, அதற்குள் பாதத்தை நுழைத்து வாரால் இறுக்கிக்கொள்வார்கள். அந்தக் கூண்டுக்குத்தான் டோ கிளிப் என்று பெயர். அது இல்லாமலே காலைப் பிடிப்பதால் புதிய வகை கிளிப்லெஸ் ஆயிற்று. இந்த யோசனை பழையது. அமெரிக்காவில் சார்லஸ் ஹான்சன் என்பவர் 1895-லேயே ஒன்றை வடிவமைத்தார். இத்தாலியின் சினோ சினெல்லி 1970-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த பெடலில், காலை விடுவிக்க வேண்டுமானால் குனிந்து கையால் நெம்புகோலைத் தள்ள வேண்டும். ஓட்டிகள் அதைக் கண்டு அஞ்சியதில் வியப்பில்லை. திருப்பம் பிரான்சிலிருந்து வந்தது. பனிச்சறுக்குப் பலகையோடு பூட்ஸைப் பிணைக்கும் பூட்டுகளைச் செய்துவந்த லுக் நிறுவனம், விழும்போது தானாகக் கழன்றுகொள்ளும் அந்த நுட்பத்தை 1984-ல் பெடலுக்கு மாற்றியது. மறு ஆண்டே பெர்னார் இனோ அந்தப் பெடலோடு டூர் தெ பிரான்ஸை வென்றார். ஆனால் அந்த ஷூவின் அடியில் பெரிய பிளாஸ்டிக் துண்டு துருத்திக்கொண்டிருக்கும். சேற்றிலும் பாறையிலும் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பவருக்கு அது உதவாது. ஜப்பானின் ஷிமானோ 1990-ல் எஸ்பிடி என்ற முறையைக் கொண்டுவந்து இதைத் தீர்த்தது. கிளீட் எனப்படும் சிறிய எஃகுத் துண்டு இரண்டு போல்ட்டுகளால் ஷூவின் அடிப்பள்ளத்துக்குள் பொருத்தப்படும். தரையில் படுவது பெரும்பாலும் ரப்பர்தான். மவுண்டன் பைக்கில் இன்றுவரை பரவலாக இருப்பது இந்த முறையே.

இப்போது அந்தக் ‘கூடுதல் விசை’யைப் பார்ப்போம். இடுப்பையும் முழங்காலையும் நீட்டும் தசைகள், அதாவது பின்புறத் தசையும் முன்தொடைத் தசையும், உடலிலேயே பெரியவை. காலை மேலே தூக்கும் தசைகள் அவற்றோடு ஒப்பிடச் சிறியவை. சிறிய தசையை முழு வேலைக்கு இழுத்தால் கிடைக்கும் விசைக்கு அதிக ஆக்ஸிஜன் செலவாகும். 2007-ல் தாமஸ் கார்ஃப் தலைமையிலான ஆய்வாளர்கள் எட்டு சைக்கிள் ஓட்டிகளை 200 வாட் ஆற்றலில், நிமிடத்துக்கு 90 சுற்று வேகத்தில், நான்கு விதமாக மிதிக்கச் செய்தார்கள்: வழக்கம்போல, வட்டமாக, மேலே இழுத்து, கீழே மட்டும் அழுத்தி. மேலே இழுத்தபோது பெடலில் விசை சீராகப் பரவியது உண்மை. ஆனால் உடல் செலவழித்த ஆற்றலுக்குக் கிடைத்த வேலையின் விகிதம் குறைந்துவிட்டது. மறு ஆண்டு வெளியான மோர்னியூ குழுவின் ஆய்வும் அதே முடிவையே எட்டியது. 2016-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஸ்ட்ராவும் ரோஜர் கிராமும் இன்னும் நேரடியாகக் கேட்டார்கள்: சாதாரண ஓட்ட ஷூவும் தட்டைப் பெடலும் ஒருபுறம், சைக்கிள் ஷூவும் கிளிப்லெஸ் பெடலும் மறுபுறம், உடல் செலவழிக்கும் ஆற்றலில் வித்தியாசம் உண்டா? மிதமான உழைப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. மேலே வரும் காலின் எடை வீணாகிறதே என்று சிலர் கேட்பார்கள். வீணாவதில்லை. அந்தக் காலை உயர்த்த மறு கால் கொடுத்த ஆற்றல், அதே கால் கீழே இறங்கும்போது எடையாகத் திரும்பி வந்துவிடுகிறது. இரண்டு கால்களும் ஒரே கிராங்கில் இணைந்திருப்பதன் பயன் அது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அதே கிராம், பர்ன்ஸ் என்பவரோடு சேர்ந்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில், மேட்டில் முழு மூச்சோடு சில நொடிகள் பாயும்போது கிளிப்லெஸ் பெடல் தெளிவாகக் கூடுதல் ஆற்றலைத் தந்தது. ஆக, மேலே இழுப்பதில் பயனே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பயன் ஆக்ஸிஜன் கணக்குப் பார்க்காமல் எல்லாவற்றையும் கொட்டும் சில நொடிகளுக்கு உரியது. ஒரு மணி நேரம் காட்டுப்பாதையில் ஏறி இறங்கும் புதியவர் அப்படிப் பாயும் நேரம் மிகக் குறைவு. ஒப்பிடப்பட்டது ஓட்ட ஷூ என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஒட்டும் ரப்பர் அடி கொண்ட ஷூவும் ஊசிமுனைத் திருகுகள் கொண்ட நல்ல தட்டைப் பெடலும் சேர்ந்தால் அது வேறு ரகம். இந்த ஆய்வுகள் எல்லாமே சிலரை மட்டும் வைத்து, சீரான தளத்தில் நடந்தவை என்ற குறையை நானும் ஏற்கிறேன். பாறையும் வேரும் நிறைந்த பாதையை அவை பிரதிபலிப்பதில்லை. கிளிப்லெஸ் பெடலின் உண்மையான மதிப்பு தெரிவதும் அந்தப் பாதையில்தான்.

தட்டைப் பெடலில் பாதத்தை நிறுத்தி வைப்பது உராய்வு. உராய்வு எவ்வளவு என்பது பாதம் பெடலை அழுத்தும் விசையைப் பொறுத்தது. வண்டி ஒரு வேரில் மோதி எழும்பி, அடுத்த கணம் பள்ளத்தில் இறங்கும்போது, பெடல் பாதத்தைவிட வேகமாகக் கீழே போகிறது. அழுத்தும் விசை அந்த நொடித்துளியில் சுழியாகிறது, உராய்வும் சுழிதான். பாதம் நழுவினால் திரும்பி வரும் பெடலின் திருகுமுனை கணைக்காலைக் கிழித்துவிடும். கிளிப்லெஸ் பெடலில் பாதத்தைப் பிடிப்பது எஃகுக் கொக்கி. அழுத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாதம் அதே இடத்தில் இருக்கும். குலுங்கும் இறக்கத்தில் காலைப் பற்றிய கவலை ஒழிகிறது, கண்ணும் கையும் பாதையைக் கவனிக்க முடிகிறது. ஒலிம்பிக் கிராஸ் கன்ட்ரி பந்தயத்தில் ஏறக்குறைய எல்லாரும் இதைப் பூட்டிக்கொண்டு ஓட்டுவதற்கு அந்தச் சில நொடிப் பாய்ச்சலோடு இதுவும் காரணம். அதற்காக இது இல்லாமல் முடியாது என்றும் இல்லை. ஆஸ்திரேலியாவின் சாம் ஹில் தட்டைப் பெடலிலேயே 2017, 2018, 2019 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து எண்டியூரோ உலகத் தொடரை வென்றவர். குதிகாலைத் தாழ்த்திப் பாதத்தைப் பெடலுக்குள் ஆப்புப்போல இறுக்கும் கலை கைவந்தவருக்கு உராய்வே போதும்.

பெடலின் வேலை பாதத்தை ஓர் இடத்தில் பிடித்து வைப்பது, வேண்டும்போது விடுவது என்று ஆகிவிட்டால், விலைப்பட்டியலை வேறு கண்ணோடு பார்க்கலாம். ஷிமானோவின் விலை குறைந்த வகைகளில் பெயர்பெற்ற எம்520 ஒரு ஜோடி 380 கிராம். உச்ச வரிசையான எக்ஸ்டிஆரின் எம்9100 ஏறக்குறைய 310 கிராம். விலையோ பல மடங்கு. இரண்டிலும் ஒரே கிளீட் பொருந்தும், கவ்வும் முறையும் விடும் முறையும் ஒன்றே. 70 கிராம் குறைவதால் என்ன கிடைக்கும்? ஓட்டியும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொண்டால் அது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு மணி நேரச் செங்குத்து ஏற்றத்தில் மூன்று நொடி மிச்சமாகலாம். விலை கூடும்போது சேறு எளிதாக வெளியேறும், பேரிங் நீண்ட நாள் உழைக்கும் என்பவை மெய்யான நன்மைகள்தான். வாரம் முழுதும் சேற்றில் ஓட்டுபவர் அவற்றுக்குப் பணம் கொடுக்கட்டும், புதியவருக்கு அவசியமில்லை. மலிவு என்றால் ஆபத்து என்று அஞ்சுவோரும் உண்டு. பெயர்பெற்ற நிறுவனத்தின் அடிமட்ட வகையையும், யார் செய்தார்கள் என்றே தெரியாத நகலையும் ஒரே தட்டில் வைப்பதால் வரும் அச்சம் அது. நகலில் இரண்டு பக்க ஸ்பிரிங்கும் ஒரே இறுக்கத்தில் இருக்குமா, கிளீட் சரியாக உட்காருமா என்பதற்கு உறுதியில்லை. அதைத் தவிர்ப்பதே நல்லது. இன்னொரு பொறி, எஸ்பிடி-எஸ்எல் என்ற பெயர். அது சாலைப் பந்தயத்துக்கான மூன்று போல்ட் முறை. மவுண்டன் பைக் ஷூவுக்குப் பொருந்தாது.

மிச்சமாகும் பணத்தைவிட முக்கியம், காலை விடுவிக்கும் விஷயம். புதியவர் விழுவது பெரும்பாலும் வேகத்தில் அல்ல, நிற்கப்போகும் தருணத்தில். வேகம் குறைந்தால் ஹேண்டிலைத் திருப்பிச் சமநிலையைப் பிடிக்க முடியாது. வண்டியும் ஆளும் தலைகீழாக நிறுத்திய ஊசல்போல் ஆகிவிடுகிறார்கள். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் எடையின் மையம் இருந்து, இரண்டு டிகிரி சாய்ந்த நிலையில் தொடங்கினால், அது 45 டிகிரி சாய ஒரு நொடிக்குச் சற்று மேல் ஆகும் என்று கணக்கிடலாம். உணர்ந்து செயல்படத் தொடங்கவே கால் நொடி வேண்டும். பாக்கி இருக்கும் நேரத்தில் உடல் இயல்பாகச் செய்வது காலை மேலே பிடுங்குவது. வழக்கமான கிளீட்டோடு எஸ்பிடி பெடல் அதற்கு விடாது. குதிகாலை வெளிப்புறமாகத் திருப்பினால்தான் விடும். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே இரு கால்களையும் ஐம்பது நூறு முறை பூட்டிக் கழற்றினால் அந்தத் திருப்பல் யோசிக்காமலே வரும். அதோடு ஸ்பிரிங்கின் இறுக்கத்தை 3 மில்லிமீட்டர் ஆலன் கீயால் ஆகக் குறைந்த அளவுக்குத் தளர்த்த வேண்டும்; ஒவ்வொரு பெடலுக்கும் இரு பக்கம் என நான்கு இடங்களிலும் ஒரே அளவாக. இன்னொரு தேர்வு கிளீட்டில் இருக்கிறது. பெட்டியில் வழக்கமாக வருவது கறுப்பு நிற எஸ்ஹெச்51. பக்கவாட்டில் திருப்பினால் மட்டும் விடும். தனியாகக் கிடைக்கும் வெள்ளி நிற எஸ்ஹெச்56 பல திசைகளில் விடும். பதற்றத்தில் மேலே இழுத்தாலும் கழன்றுவிடும். பலமாக மேலே இழுத்தால் எதிர்பாராமல் விட்டுவிடுமே என்பது அதன்மேல் உள்ள புகார். மேலே இழுப்பதால் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை என்று ஆய்வுகள் சொன்ன பிறகு, புதியவருக்கு அந்த இழப்பு சிறியது. முதல் ஜோடியாக இதையே பரிந்துரைப்பேன்.

அப்படியானால் தட்டைப் பெடலிலேயே முதலில் பழக வேண்டாமா என்ற கேள்வியில் பெரும் நியாயம் இருக்கிறது. பூட்டிய காலோடு பழகுபவர் தடையைத் தாண்ட வண்டியைப் பாதத்தால் தூக்கிவிடுவார். உடல் எடையைப் பின்னுக்குத் தள்ளி வண்டியை எழும்பச் செய்யும் முறையைக் கற்கவே மாட்டார். தட்டைப் பெடல் அந்தக் குறுக்குவழியைத் தருவதில்லை. ஆகவே வண்டி வாங்கிய முதல் சில மாதங்கள் தட்டைப் பெடலில் ஓட்டுவதே சரி என்று நான் நினைக்கிறேன். 1976-ல் கலிஃபோர்னியாவின் டமால்பைஸ் மலையருகே ரீபேக் இறக்கத்தில் பழைய தடித்த டயர் சைக்கிள்களில் பந்தயம் விட்டவர்கள், எஸ்பிடி பிறப்பதற்கு 14 ஆண்டுகள் முன்பே இந்த விளையாட்டை உருவாக்கிவிட்டார்கள். குலுங்கும் இறக்கங்களில் பாதம் அடிக்கடி நழுவுகிறது, அதனால் வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கிறது என்று தோன்றும்போது மாறிக்கொள்ளலாம். அப்போதும் விலை குறைந்த வகையே போதும்; மிச்சப்பட்ட பணத்தில் பாதத்துக்குச் சரியாகப் பொருந்தும், நடக்க வசதியான ஷூ வாங்கலாம்.

கிளீட்டைப் பொருத்தும் வேலையை மட்டும் அவசரத்தில் செய்யக் கூடாது. இயல்பாக நிற்கும்போது உங்கள் பாதம் எவ்வளவு வெளிப்புறம் திரும்பியிருக்கிறதோ அந்தக் கோணத்திலேயே கிளீட்டும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால் முறுக்கப்படும், சில நாளில் வலி தொடங்கும். போல்ட்டின் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, ஐந்து அல்லது ஆறு நியூட்டன் மீட்டருக்கு இறுக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று ஓட்டங்களுக்குப் பிறகு ஆலன் கீயை எடுத்து மறுபடி பார்ப்பது கட்டாயம். ஏனென்றால் போல்ட் ஒன்று தளர்ந்தாலோ விழுந்துவிட்டாலோ, குதிகாலைத் திருப்பும்போது ஷூ மட்டும் திரும்பும். கிளீட் பெடலின் கொக்கிக்குள் அசையாமல் அப்படியே இருக்கும். எந்தப் பக்கம் திருப்பினாலும் கால் வெளியே வராது. அப்படி மாட்டிக்கொண்டால் ஓரமாக ஒரு மரத்தையோ பாறையையோ பிடித்து நின்று, ஷூவின் வாரை அவிழ்த்துக் காலை மட்டும் உருவிக்கொண்டு இறங்க வேண்டியதுதான்.