விளக்கை எழுப்பும் காற்று: பழைய கார்வெட் காரில் கோளாறு காணும் முறை

மோட்டார் காரின் முன்விளக்கு எரியவில்லை என்றால் பல்பையும் ஃப்யூஸையும் பார்ப்பது நம் வழக்கம். ஆனால் அமெரிக்காவில் செய்யப்பட்ட செவர்லே கார்வெட் என்னும் ஸ்போர்ட்ஸ் காரின் 1968 முதல் 1982 வரையிலான மாதிரிகளில் இவ்வழக்கம் பாதி வழிக்கே துணைவரும். இக்காரின் முன்விளக்குகள் பகலில் கண்ணுக்குத் தெரிவதில்லை. முகப்பினுள் மடங்கிப் படுத்திருந்து, விளக்கின் ஸ்விட்சை இழுத்ததும் எழுந்து நின்று ஒளிவிடுகின்றன. எழுப்புவது மின்சாரம் அன்று, காற்று; ஒளி தருவதுதான் மின்சாரம். எனவே இருண்ட சாலையில் விளக்கு வராமற்போனால், இவ்விரண்டில் எதனிடம் குறை என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். அதைத் தீர்மானிக்காமல் பாகங்களை மாற்றத் தொடங்குகிறவர் பணத்தையும் இழந்து இருட்டிலும் நிற்பார்.

காற்று எவ்வாறு விளக்கைத் தூக்குகிறது? எஞ்சின் நிதானமாக ஓடும்போது, காற்று புகும் வழி பெரும்பாலும் மூடியிருக்க, பிஸ்டன்கள் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன. அதனால் காற்றும் பெட்ரோலும் கலந்து செல்லும் குழாய்த்தொகுதியில் அழுத்தம் குறைகிறது. கடல்மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் பாதரசக் கணக்கில் ஏறத்தாழ 30 அங்குலம். நல்ல எஞ்சின் அதற்குக் கீழே 17 முதல் 21 அங்குலம் வரை வெற்றிடத்தைக் காட்டும். வெற்றிடம் எதையும் இழுப்பதில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஒரு பக்கத்தில் காற்றுக் குறைய, மறுபக்கத்துக் காற்று தள்ளுகிறது. 20 அங்குல வெற்றிடத்தில் ஒவ்வொரு சதுர அங்குலத்தின்மீதும் சுமார் 10 பவுண்டு விசை விழும். விளக்கைத் தூக்க அது தாராளமாகப் போதும்.

இவ்வெற்றிடம் ஒருவழி வால்வைக் கடந்து ஒரு தொட்டியில் சேமிக்கப்படுகிறது. அங்கிருந்து விளக்குக்கு ஒன்றாக அமைந்த ரிலே வால்வுகளுக்கும், அவற்றின் வழியாக விளக்கோடு பிணைந்த டயாபிரம் பெட்டிகளுக்கும் செல்கிறது. பெட்டியின் ஒரு பக்கத்திற்கு வெற்றிடம் வந்தால் விளக்கு எழும். மறுபக்கத்திற்கு வந்தால் அமரும். ரிலே வால்வுகளுக்குக் கட்டளை இடுபவை, ஓட்டுநர் முன்னுள்ள ஸ்விட்சிலிருந்து வரும் மெல்லிய குழாய்கள். 1972 மாதிரி வரையில், மழைநீர் துடைக்கும் வைப்பரை மறைத்திருந்த மூடியும் இதே வெற்றிடத்தால்தான் திறந்தது. ஒரு காருக்குள் இத்தனை ரப்பர்க் குழாய்களும் இணைப்புகளும்! ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அவற்றில் ஒன்றும் வெடிக்காமல் இருந்தால்தான் வியப்பு.

இனி நோயறியும் முறைக்கு வருவோம். இரண்டு விளக்குகளும் சோம்பி எழுந்தால், குறை இரண்டுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. எஞ்சினிலிருந்து வரும் குழாய், ஒருவழி வால்வு, தொட்டி, ஸ்விட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் சோம்பினால், அவ்விளக்கின் ரிலே வால்வையோ பெட்டியையோ, துருவேறி இறுகிய கீலையோ சந்தேகிக்கலாம். வண்டியை வேகமாக முடுக்கும்போது விளக்குகள் தாமே அசைந்தால், ஒருவழி வால்வு கசிகிறது. ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதிக்கையில் எஞ்சினின் வெற்றிடம் ஏறக்குறைய மறைந்துவிடும். அப்போது தொட்டியைக் காப்பது அவ்வால்வு ஒன்றே. விளக்கை ஏற்றாமலே எழுப்புவதற்குத் தனியாக ஒரு சிறு ஸ்விட்சும் டாஷ்போர்டின் கீழே உண்டு. அதனால் எழும் விளக்குகள் பெரிய ஸ்விட்சால் எழவில்லையெனில், பெரிய ஸ்விட்சின் முதுகில் பொருத்தியுள்ள வெற்றிட வால்வையே நோக்க வேண்டும்.

கசிவைத் தேட, அளவுமானியுடன் கூடிய கைப்பம்பு ஒன்று போதும். குழாயின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் 15 அங்குலம் வரை வெற்றிடம் ஏற்றிக் காத்திருந்தால், நல்ல குழாயில் முள் நகராது. முழு அமைப்பையும் ஒருசேரச் சோதிப்பது வீண். நடுவிலே பிரித்து, எந்தப் பாதி கசிகிறது என்று கண்டு, அப்பாதியை மீண்டும் பிரித்துச் செல்வதே குறுக்கு வழி. விலையுயர்ந்த டயாபிரம் பெட்டிகள் இரண்டையும் மாற்றிய பிறகு, கட்டைவிரல் அளவுள்ள ரப்பர் முழங்கை ஒன்றே கசிந்தது எனத் தெரியவரும் வேடிக்கை இக்கார்களில் நேர்வதுண்டு. கசிவு எஞ்சினையும் கெடுக்கும். மிகையான காற்றுப் புகுவதால் அது நடுங்கி ஓடும். கார்புரேட்டரைத் திருகுமுன், விளக்குகளுக்குச் செல்லும் குழாயை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நடுக்கம் நின்றால் கார்புரேட்டர் குற்றமற்றது. சூடான எஞ்சின்மீது எரியும் திரவத்தைத் தெளித்துக் கசிவு காணும் பழக்கத்தை நாம் ஒப்புவதில்லை. கார்வெட்டின் உடல் தீப்பற்றக்கூடியது.

அந்த உடலே மின்சாரத் தொல்லைக்கும் காரணம். நாம் அறிந்த அம்பாசடர் காரின் எஃகு உடல், பாட்டரிக்குத் திரும்பும் மின்சாரத்திற்குத் தானே வழியாகிறது. கார்வெட்டின் உடலோ, 1953-இல் முதற் கார் வெளிவந்த நாள் முதலே, கண்ணாடி இழையும் பிசினும் கலந்து செய்யப்பட்டது. அதில் மின்சாரம் பாயாது. ஆகவே ஒவ்வொரு விளக்குக்கும் திரும்பும் கம்பி, அதாவது எர்த் கம்பி, தனியே வேண்டும். அதன் முனை துருவேறினால் விளக்கு மங்கும். மின்சாரம் வேறு வழி தேடி, ஒரு விளக்கைப் போட்டால் இன்னொன்று மினுக்கும். மானிகளின் முள் துள்ளும். விளக்கை எரியவிட்டு, பாட்டரியின் எதிர்முனைக்கும் விளக்கின் எர்த் முனைக்கும் இடையே வோல்ட்மீட்டரை வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அக்கம்பியை அவிழ்த்து, உலோகம் பளிச்சிடத் தேய்த்து, மீண்டும் முடுக்க வேண்டும். விளக்கு எரியாதபோது எடுக்கும் அளவு நம்மை ஏமாற்றும்.

முன்விளக்குகள் விட்டுவிட்டு எரிந்தால், ஸ்விட்சினுள் உள்ள தானியங்கித் துண்டிப்பான் சூடேறி வேலை செய்கிறது என்று கொள்ளலாம். எங்கோ கம்பி உரசுகிறது. 1968 முதல் 1971 வரையிலான மாதிரிகளில் ஓர் இனிய வசதியும் இருந்தது. ஒவ்வொரு விளக்கின் ஒளியையும் மெல்லிய பிளாஸ்டிக் இழை, கியர்க் கோல் அருகிலுள்ள சிறு கண்ணாடிக்குக் கொண்டு வந்தது. அங்கே புள்ளி ஒளிர்ந்தால் விளக்கு எரிகிறது என்று பொருள். இறங்கிச் சென்று பார்க்க வேண்டியதில்லை.

பழுது தீர்ந்தபின் எஞ்சினை நிறுத்திவிட்டு விளக்குகளை ஒரு முறை இயக்குங்கள். தொட்டியில் சேர்ந்த வெற்றிடமே அதற்குப் போதும். எழும் விளக்கின் இடுக்கில் விரலை மட்டும் வைக்க வேண்டாம். பின்னர் விளக்குகளை மடக்கி, இரவு முழுதும் வண்டியை நிறுத்திவையுங்கள். காலையில் ஒரு விளக்கு மட்டும் சற்றே தலைதூக்கியிருந்தால், அப்பக்கத்தில் மெல்லிய கசிவு ஒன்று இன்னும் எஞ்சியிருக்கிறது.