ஐந்து ஒளிக்கதிர்களும் தமிழ் எழுத்தும்



கார்த்திகைத் தீபத் திருநாளன்று மாலை ஆறு மணிக்கு எங்கள் திருவண்ணாமலையில், 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில் மகாதீபம் ஏற்றப்படுகிறது. ஊரார் வீட்டு மாடிகளில் நின்று அச்சுடரைக் காண்பர். அவ்வேளையில் நமக்கும் சுடருக்கும் இடையே ஒருவர் வந்து நின்றுவிட்டால் என்ன நேர்கிறது? சுடர் மறைகிறது. வந்தவர் ஓசையின்றி வந்திருக்கலாம். நம்மைத் தொடாமலும் இருக்கலாம். ஆயினும் ஒருவர் வந்துவிட்டார் என்பதை அக்கணமே அறிந்துகொள்கிறோம். ஒளி வந்ததனால் அன்று. வந்துகொண்டிருந்த ஒளி தடைப்பட்டதனால் அறிகிறோம்.

இந்த எளிய உண்மையையே அடிப்படையாகக் கொண்டு எழுத்துக்களை அறியும் கருவி ஒன்று உண்டு. அதற்கு ஒளி விசைப்பலகை என்று பெயர். அதனைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அதற்கு மற்றொரு காரணமும் உண்டு. என் ஆசிரியப் பணியில் ஒரு மாணவனுக்கு நான் தவறான விடை ஒன்றைச் சொல்லியிருக்கிறேன். அதனைத் திருத்தும் கடமை எனக்கு இருக்கிறது.

1996-ஆம் ஆண்டு என்று நினைவு. எட்டாம் வகுப்பில் எழுத்திலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக எழுத்துக்கள் 247 என்று கரும்பலகையில் எழுதி முடித்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, கணிப்பொறியில் தமிழ் எழுத வேண்டுமானால் 247 பொத்தான்கள் வேண்டுமா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே, "அதனால்தான் தம்பி, இயந்திரங்களுக்கு ஆங்கிலம் பொருந்துகிற அளவுக்குத் தமிழ் பொருந்துவதில்லை" என்று கூறிவிட்டேன். அவன் அமர்ந்துவிட்டான். ஆசிரியர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நாற்பது பேரும் நம்பிவிட்டார்கள்.

நான் ஏன் அவ்வாறு சொன்னேன்? எனக்குத் தெரிந்த எழுத்து இயந்திரம் தட்டச்சுப் பொறி ஒன்றே. 1979-இல் தேரடி வீதியில் ஒரு மாடி அறையில் நடைபெற்ற பயிற்சி நிலையத்தில் தமிழ்த் தட்டச்சு கற்றேன். அப்பொறியில் ஒவ்வொரு விசையும் ஓர் இரும்புக் கோலுடன் பிணைக்கப்பட்டிருக்கும். கோலின் நுனியில் எழுத்து வார்க்கப்பட்டிருக்கும். விசையைத் தட்டினால் கோல் எழுந்து, மை நாடாவின் மேல் மோதித் தாளில் எழுத்தைப் பதிக்கும். விரலில் வலு குறைந்தால் எழுத்து வெளிறி விழும். எந்த விசைக்கு எந்த எழுத்து என்பதை இரும்பே முடிவு செய்துவிட்டது. அதனை மாற்றுவது எளிதன்று.

இந்த இரும்புக் கட்டுக்குள் தமிழை அடக்கிக் காட்டியவர் யாழ்ப்பாணத்தில் 1886-ஆம் ஆண்டு பிறந்து, மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ஆர். முத்தையா அவர்கள். தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று அவரைப் போற்றுகிறோம். எழுத்துக்களைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பொருத்துவது அவர் வகுத்த வழி. கொம்பு தனி, கால் தனி, புள்ளி தனி. "கொ" என்று எழுதக் கொம்பு, ககரம், கால் என மூன்று விசைகளைத் தட்ட வேண்டும். "க்" என்று எழுதவோ முதலில் புள்ளியைத் தட்ட வேண்டும். அந்த விசை தாளை நகர்த்தாது. அதற்கு நகரா விசை என்று பெயர். பின்னர் ககரத்தைத் தட்டினால், முன்பே விழுந்த புள்ளிக்குக் கீழே அது வந்து அமரும். பிறக்காத எழுத்துக்கு முன்கூட்டியே புள்ளியிட்டு வைக்கும் அந்த முறை எனக்குப் பழகப் பல வாரங்கள் ஆயின. அது மிகப் பெரிய அறிவுச் சாதனையே. ஆயினும் அங்கே கை எழுத்தின் வடிவத்தைப் பின்பற்றியது. ஒலியின் இலக்கணத்தைப் பின்பற்ற இரும்பு இடம் தரவில்லை.

கணிப்பொறியின் விசைப்பலகை வேறு இனத்தைச் சார்ந்தது. அங்கே விசையின் வேலை, "நான் அழுத்தப்பட்டேன்" என்று அறிவிப்பது மட்டுமே. அந்த அறிவிப்பு எந்த எழுத்தாக வேண்டும் என்பதை உள்ளேயிருக்கும் கணிப்பொறி முடிவு செய்கிறது. இந்த அறிவிப்பைப் பல வழிகளில் செய்யலாம். இரண்டு உலோகத் துண்டுகளைத் தொடச் செய்து மின்சாரத்தை ஓடவிடுவது ஒரு வழி. அது எளிது, ஆனால் குறைகளும் உண்டு. உலோகத்தில் தூசியும் களிம்பும் படியும். மேலும், மோதும் உலோகங்கள், தரையில் விழுந்த பந்தைப் போலச் சிறிது நேரம் துள்ளும். ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரமே அத்துள்ளல் நீடிக்கும். எனினும் கணிப்பொறியின் வேகத்துக்கு அது நெடுநேரம். ஒரு முறை அழுத்தியதை இரு முறை அழுத்தியதாக அது எண்ணிவிடக்கூடும். "படம்" என்று எழுதப் போனால் டகரம் இரட்டித்துப் "பட்டம்" ஆகிவிடலாம்! இதனைத் தவிர்க்க, துள்ளல் அடங்கும் வரை கணிப்பொறி சற்றுக் காத்திருக்குமாறு அமைத்திருக்கிறார்கள்.

தொடாமலே அறியும் வழி உண்டா? உண்டு. அதுவே ஒளி. வெளிச்சம் பட்டால் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும் இயல்பு செலினியம் என்னும் தனிமத்துக்கு உண்டு என்பதை 1873-இல் வில்லோபி ஸ்மித் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் வெளியிட்டார். ஒளி எவ்வாறு மின்னணுக்களை வெளியேற்றுகிறது என்பதை 1905-இல் ஐன்ஸ்டைன் விளக்கினார். அதற்காகவே 1921-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. இவ்வழியே ஒளியை உணரும் "மின்கண்கள்" பிறந்தன. 1962-இல் அமெரிக்காவில் ஹார்லி கெல்ச்னர் என்பவர், தட்டச்சுப் பொறியின் ஓசையைக் குறைக்கும் நோக்குடன், ஒளியால் இயங்கும் விசைப்பலகை ஒன்றை அமைத்தார். அதே ஆண்டில் நிக் ஹோலன்யாக் என்னும் விஞ்ஞானி, கண்ணுக்குப் புலப்படும் செந்நிற ஒளியை உமிழும் டையோடைச் செய்து காட்டினார். சூடேறிக் கருகும் சிறு பல்புகளுக்குப் பதிலாக நீண்ட நாள் உழைக்கும் விளக்குகள் கிடைக்க வழி பிறந்தது.

அப்பலகையின் உள்ளமைப்பைப் பார்ப்போம். ஒரு தட்டையான பெட்டி. ஒரு பக்கச் சுவரில் சிறு விளக்குகள். எதிர்ச் சுவரில் மின்கண்கள். விளக்கிலிருந்து கண்ணுக்கு ஒளிக்கதிர் ஓயாது பாய்ந்துகொண்டிருக்கிறது. விசையை அழுத்தினால் அதன் அடித்தண்டு கீழிறங்கிக் கதிரை மறைக்கும். கண் இருளைக் காண்கிறது, செய்தி செல்கிறது. மலைத் தீபத்தின் குறுக்கே வந்து நின்ற மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள். உலோகத்தோடு உலோகம் தொடுவதில்லை. ஆதலின் தேய்மானமும் களிம்பும் துள்ளலும் இல்லை.

சரி, எந்த விசை அழுத்தப்பட்டது என்று எப்படித் தெரியும்? ஒரு முறை, நெடுக்கிலும் குறுக்கிலும் கதிர்களை ஓடவிடுவது. 4 வரிசைக் கதிர்களும் 8 நிரல் கதிர்களும் இருந்தால், 32 சந்திப்புகள் கிடைக்கும். எந்த வரிசையும் எந்த நிரலும் இருண்டன என்று பார்த்தால் விசை விளங்கிவிடும். மற்றொரு முறை இன்னும் நயமானது. ஒவ்வொரு விசையின் அடியிலும் சீப்பைப் போன்ற ஒரு தகடு இருக்கும். எந்தக் கதிர்களை மறைக்க வேண்டுமோ அங்கே பல் இருக்கும். எவற்றை விட்டுவிட வேண்டுமோ அங்கே இடைவெளி இருக்கும். விசைக்கு விசை பல்வரிசை வேறுபடும். ஆகவே எவ்வெக் கதிர்கள் இருண்டன என்பதே அவ்விசையின் பெயராகிவிடுகிறது.

இங்கே ஒரு கணக்கு. ஒரு கதிர் இருந்தால் ஓர் அடையாளம். இரண்டு இருந்தால், முதலாவது மறைதல், இரண்டாவது மறைதல், இரண்டும் மறைதல் என மூன்று. மூன்று கதிர்களுக்கு ஏழு, நான்குக்குப் பதினைந்து. ஐந்து கதிர்களுக்கு? இரண்டை ஐந்து முறை பெருக்கினால் 32. ஒன்றும் மறையாத நிலையைக் கழித்தால் 31. அவ்வாறே எட்டுக் கதிர்களுக்கு 255.

நம் எழுத்துக்களுக்கு எத்தனை கதிர்கள் வேண்டும்? 247-க்கும் தனித்தனி விசை என்றால் எட்டுக் கதிர்கள் தேவை. விசைகளோ ஒரு மேசை நிறையப் பரவிக் கிடக்கும். என் மாணவன் கேட்டது அதைத்தான். ஆனால் நம் இலக்கணம் என்ன சொல்கிறது? முதலெழுத்துக்கள் முப்பதே. மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் பிறக்கிறது. முப்பதோடு ஆய்தத்தைச் சேர்த்தால் 31. ஐந்து கதிர்களின் 31 அடையாளங்களுக்கு 31 எழுத்துக்கள்! எண் இவ்வாறு பொருந்தியது தற்செயலே. ஆனால் 247-ஐ 31 ஆக்கியது தற்செயல் அன்று. அது இலக்கணத்தின் ஆற்றல். கூட்டும் வேலையைக் கணிப்பொறியிடம் ஒப்படைத்துவிட்டால் விரலுக்கு 31 விசைகள் போதும்.

இது வெறுங்கற்பனை அன்று. 1999-ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி, தமிழ்நாடு அரசு "தமிழ்99" என்னும் விசைப்பலகை முறையை ஏற்றது. அதில் உயிர் பன்னிரண்டு இடக்கைப் பக்கம், அகரமேறிய மெய் பதினெட்டு பெரும்பாலும் வலக்கைப் பக்கம், ஆய்தம் ஒன்று. மெய்யை அடுத்து ஆய்த விசையைத் தட்டினால் அதுவே புள்ளியாகும். ககரத்தின் பின் ஆகாரத்தைத் தட்டினால் "கா" வரும். ஒரே மெய் இரட்டித்தால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். "ந"வின் பின் "த" வந்தாலும் அவ்வாறே. "திருவண்ணாமலை" என்று எழுதப் பதினொரு தட்டுகள் போதும்; புள்ளியைத் தேட வேண்டியதே இல்லை. நான் 1979-இல் முன்கூட்டியே இட்டுவைத்த புள்ளியை, இப்போது இலக்கணமே இட்டுக்கொள்கிறது.

தமிழ்99 முறைக்கு ஒளி விசைப்பலகைதான் வேண்டும் என்பதில்லை. எந்த விசைப்பலகையும் போதும். விசை வேறு, எழுத்து வேறு என்ற உண்மையை ஒளி விசைப்பலகை கண்ணுக்குத் தெரியக் காட்டுகிறது. அதனாலேயே அதனை எடுத்துக்கொண்டேன். அதற்கும் குறைகள் உண்டு. சீப்பு முறையில் இரண்டு விசைகளை ஒருசேர அழுத்தினால் இருள்கள் கலந்து, மூன்றாவது எழுத்தாகத் தோன்றக்கூடும். விளக்குகள் எரிந்துகொண்டே இருக்க மின்சாரம் வேண்டும். மலிவான ரப்பர் விசைப்பலகைகள் பெருகியபோது, இவை பழம்பொருள்களாயின. ஆனால் கருத்து அழியவில்லை. பழைய உருண்டைச் சுட்டெலியின் உள்ளே, துளைகள் கொண்ட சக்கரம் சுழன்று ஒளியை விட்டுவிட்டு மறைத்ததும் இதே தத்துவம்தான். அண்மைக் காலத்தில், விசை ஒவ்வொன்றுக்கும் தனி விளக்கும் தனிக் கண்ணும் வைத்து மீண்டும் செய்கிறார்கள். 2018-இல் ரேசர் நிறுவனம் அத்தகைய பலகையை வெளியிட்டது.

நீங்களே இதனைச் செய்து பார்க்கலாம். ஒரு காலணிப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுவரில் ஐந்து துளைகள். எதிர்ச் சுவரை வெட்டி எடுத்துவிட்டு எண்ணெய் தடவிய தாளை ஒட்டுங்கள். இருட்டறையில் டார்ச்சு விளக்கைத் துளைகளின் பக்கம் பிடித்தால், தாளில் ஐந்து ஒளிப்புள்ளிகள் தோன்றும். பல் வெட்டிய அட்டைகளை மேலிருந்து ஒவ்வொன்றாக இறக்குங்கள். அகரத்துக்கு முதற் புள்ளி இருள், ஆகாரத்துக்கு இரண்டாவது, இகரத்துக்கு அவ்விரண்டும். இவ்வாறே போனால் ஆய்தத்துக்கு ஐந்தும் இருளும். ஒரு மாணவர் அட்டையை இறக்கட்டும். மற்றவர் தாளைப் பார்த்து எழுத்தைச் சொல்லட்டும்.

ஓய்வு பெற்றபின் என் வீட்டுத் திண்ணையில் இப்பெட்டியைச் செய்தேன். அண்டை வீட்டுப் பிள்ளைகள் அதில் தங்கள் பெயர்களை எழுதிப் பார்த்தார்கள். எனக்கோ பின்வரிசையில் எழுந்து நின்ற அந்த மாணவனின் முகமே நினைவில் நின்றது. அன்று கரும்பலகையில் 247 என்று எழுதியவன் நான். 12, 18 என்று அதன் விடையையும் மேலேயே எழுதியிருந்தேன். எழுதியதை நான் படிக்கவில்லை. அவனுக்கு இப்போது நாற்பது வயதைக் கடந்திருக்கும். எங்கிருந்தாவது இப்பேச்சை அவன் கேட்பானாயின், அவனுக்கு என் விடை இது: "247 பொத்தான்கள் வேண்டாம், தம்பி, 31 போதும். அன்று நீ கேட்டது நல்ல கேள்வி."