உங்களுக்குத் தெரியுமா? கணுக்காலைக் கடிக்கும் தெள்ளு

◆ போன தை மாதம். மழை நாளெல்லாம் பூட்டிக் கிடந்த ஊர் வீட்டைத் திறந்து கூடத்தில் நாலு எட்டு வைத்திருப்பேன். கணுக்காலில் சுருக் சுருக்கென்று கடி. குனிந்தால், வெள்ளை வேட்டியின் கீழ் ஓரத்தில் எள்ளைவிடச் சின்னதாகப் பழுப்புப் புள்ளிகள் ஏறிக்கொண்டிருந்தன. விரல் வைத்ததும் துள்ளி மறைந்தன. அந்த வீட்டில் இரண்டு மாதமாக மனுஷரும் இல்லை, பூனையும் இல்லை. அக்கா தன் பூனையோடு வெளியூர் போய்விட்டாள். அப்படியானால் இத்தனை தெள்ளும் எதைத் தின்று உயிர் வாழ்ந்தன?

எதையும் தின்னவில்லை. கூட்டுக்குள் காத்திருந்தன. தெள்ளின் புழு பட்டு நூலால் கூடு கட்டும். அந்த நூல் பிசுபிசுப்பானது. தரைத் தூசியும் மணலும் அதில் ஒட்டிக்கொள்வதால் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் அழுக்குத் துணுக்கு போலத்தான் தெரியும். உள்ளே முழுப் பூச்சியாக வளர்ந்த பிறகும் அது அவசரப்பட்டு வெளியே வராது. தோதான ஈரமும் குளிர்ச்சியும் இருந்தால் சுமார் ஐந்து மாதம்கூடப் பொறுத்திருக்கும். காலடி அதிர்வும், உடம்புச் சூடும், நாம் விடும் மூச்சில் உள்ள கரியமில வாயுவும்தான் அதற்குத் தகவல். கதவு திறந்தது, ஆள் வந்தது, அத்தனையும் ஒரே நேரத்தில் கிளம்பிவிட்டன.

◆ நாய் மேலும் பூனை மேலும் நாம் பார்க்கும் தெள்ளு, வீட்டில் இருக்கும் மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் என்பது பூச்சியியலாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. பாதி முட்டை, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் புழு, மீதி கூடு. அவை கிடப்பதெல்லாம் தரையிலும் படுக்கையிலும். நாயைத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டியும் தெள்ளு போகவில்லை என்று சலித்துக்கொள்பவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

◆ உண்ணி வேறு, தெள்ளு வேறு. உண்ணிக்கு எட்டுக் கால். தோலில் வாயைப் பதித்து ஒரே இடத்தில் மொச்சை போல ஊதிக் கிடக்கும். தெள்ளுக்கு ஆறு கால். பக்கவாட்டில் தட்டையாக, நிறுத்தி வைத்த காசு மாதிரி இருக்கும். அதனால்தான் மயிருக்கு நடுவே வழுக்கிக்கொண்டு ஓட முடிகிறது. மருந்துக் கடையில் ‘நாய்ப்பூச்சி மருந்து’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். எது என்று பார்த்துச் சொன்னால்தான் சரியான மருந்து கிடைக்கும்.

◆ நம் வீட்டு நாய் மேல் பெரும்பாலும் இருப்பதும் ‘பூனைத் தெள்ளு’ என்று பெயர் பெற்ற இனமும் அதன் நெருங்கிய உறவும்தான். பெயரை நம்பிப் பூனையை மட்டும் வெளியேற்றுவதில் பயனில்லை.

◆ ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40, 50 முட்டை வரை இடும். பேன் முட்டையான ஈர் மயிரில் ஒட்டிக்கொள்ளும். தெள்ளு முட்டை ஒட்டாது. உப்புத் தூள் போல வழவழவென்று உதிர்ந்துவிடும். பூனை எங்கெல்லாம் படுக்கிறதோ, எங்கே உடம்பைச் சிலிர்க்கிறதோ, அங்கெல்லாம் முட்டை. ஆகவே தேட வேண்டிய இடத்தை உங்கள் பூனையே காட்டிக்கொடுக்கும். ஒரு நாள் முழுக்க அது படுக்கும் இடங்களைக் குறித்து வையுங்கள்.

◆ சந்தேகமாக இருக்கிறதா? வெள்ளைப் பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்துகொள்ளுங்கள். பேன் சீப்பால் நாயின் வாலடியிலும் முதுகிலும் சீவி, சீப்பில் வரும் கருந்துகளைப் பஞ்சில் தட்டுங்கள். வெறும் மண் என்றால் கறுப்பாகவே இருக்கும். தெள்ளின் எச்சம் என்றால் அரை நிமிஷத்தில் அதைச் சுற்றிச் செம்பழுப்பு வளையம் பரவும். அது உங்கள் நாயின் ரத்தம். அந்தக் காய்ந்த ரத்தம்தான் தரையில் இருக்கும் புழுக்களுக்குச் சாப்பாடு. தாய் குடித்து, கழித்து, பிள்ளைகளுக்கு ஊட்டுகிறது.

◆ நாய் படுக்கும் சாக்கு! பல வீடுகளில் தெள்ளின் தலைமையகம் அதுதான். வருஷக் கணக்கில் துவைக்காத கோணிச்சாக்கை எரித்துவிடலாம் என்று தோன்றும், தேவையில்லை. அங்கேயே உதறாமல், ஒரு பாலித்தீன் பையில் சுருட்டி வெளியே கொண்டுபோங்கள். கை பொறுக்காத வெந்நீரில், 60 டிகிரி இருந்தால் நல்லது, சோப்புப் போட்டு ஊறவைத்துத் துவைத்து, உச்சி வெயிலில் காயப்போடுங்கள். தெள்ளுப் புழுவுக்கு வெளிச்சமும் ஆகாது, வறட்சியும் ஆகாது. காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் பிழைக்காது. பாய், தலையணை, வாசல் மிதியடி, சோபா உறை எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம். வாரம் ஒரு முறை. நம் ஊர் வெயிலைப் போலச் செலவில்லாத மருந்து வேறு கிடையாது.

◆ வாக்குவம் கிளீனரை மட்டும் வைத்து ஒரு சோதனை நடந்தது. அதன் முடிவை அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகப் பூச்சியியலாளர்கள் 2007-ல் வெளியிட்டார்கள். இழுபட்ட முழுப் பூச்சிகளில் 96 சதவீதம் செத்தன. கூட்டுப்புழுவும் புழுவும் தப்பவே இல்லை. உள்ளே சுழற்றிச் சுழற்றி அடிபடுவதிலேயே அவற்றின் மெழுகுப் பூச்சுத் தேய்ந்து உயிர் போகிறது என்பது அவர்கள் கருத்து. இன்னொரு லாபமும் உண்டு. அந்த அதிர்வு, கூட்டுக்குள் தூங்குபவற்றை வெளியே வரவழைத்துவிடும். வெளியே வந்ததைக் கொல்வது எளிது.

வாக்குவம் இல்லாத வீடுதான் நம்மில் அதிகம். அதனால் குறைவில்லை. மொசைக், டைல்ஸ் தரைக்கு ஈரத்துணியும் சோப்புத் தண்ணீரும் போதும். காய்ந்த விளக்குமாறால் வீசிப் பெருக்கினால் முட்டை அடுத்த அறைக்குப் போகும். லேசாகத் தண்ணீர் தெளித்து, மெதுவாகக் கூட்டி அள்ளுங்கள். கட்டிலடி, பீரோ சந்து, சோபா மெத்தை இடுக்கு, கதவு நிலைக்கும் தரைக்கும் நடுவே உள்ள வெடிப்பு. புழு இருட்டைத் தேடிப் போகிறது என்பதால் நாமும் இருட்டைத் தேடித்தான் போக வேண்டும். அள்ளிய தூசியைப் பையில் கட்டி அன்றைக்கே வெளியேற்றுங்கள்.

◆ தெள்ளுக்கு இறக்கை இல்லை. இரண்டு மூன்று மில்லிமீட்டர் உடம்பு, ஆனால் துள்ளி நம் கணுக்கால் உயரத்தை எட்டிவிடும். கணுக்காலில் அதிகமாகக் கடிபடுவதற்குக் காரணம் அதுதான்.

◆ இந்தத் துணுக்கைப் பூனை வளர்ப்பவர்கள் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். நாய்க்குப் பிடரியில் விடும் சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கிறது. நாய் அதைத் தாங்கும்; பூனை தாங்காது. அந்த நஞ்சை உடைத்து வெளியேற்றும் வேதிவழி பூனையின் கல்லீரலில் மிகவும் பலவீனம். ‘நாய்க்கு வாங்கியதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதே, பூனைக்கும் விடுவோம்’ என்ற சிக்கனத்தில் உயிர் போயிருக்கிறது. மருந்து விட்ட நாயோடு சேர்ந்து படுத்தோ, அதை நக்கியோகூடப் பூனைக்கு நஞ்சு ஏறலாம். உடம்பு நடுங்கினால், காது துடித்தால், வலிப்பு வந்தால் நேரம் கடத்தாதீர்கள். உடனே மருத்துவரை அழையுங்கள். அவர் சொன்னால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்பால் அந்த இடத்தைக் கழுவித் துணியில் சுற்றிக் கொண்டு ஓடுங்கள். டப்பாவில் பூனைப் படம் இல்லாத எந்த மருந்தும் பூனைக்கு வேண்டாம். முயல் வளர்த்தால் ஃபிப்ரோனில் என்ற பொருள் கலந்த மருந்தைத் தொடவே தொடாதீர்கள்.

◆ வீட்டில் கைக்கு எட்டும் ‘மருந்து’களும் அப்படித்தான். கருப்புப் பினாயிலால் துடைத்த தரையில் பூனை நடக்கும், பிறகு பாதத்தை நக்கும். ஃபீனால் வகைப் பொருள்களும் அதன் கல்லீரலுக்கு ஆகாதவை. மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும். அந்துருண்டையைக் கூடத்து மூலையில் போடுவதால் தெள்ளு சாவதில்லை. ஆனால் ஜி6பிடி நொதிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளுக்கு அதன் ஆவியே ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடியது. ‘கமாக்சின்’ என்று பெரியவர்கள் சொல்லும் பி.எச்.சி. தூள் 1997-லேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய பரணில் பொட்டலம் கிடைத்தால் தூவிப் பார்க்க வேண்டாம். பூண்டு தின்னக் கொடுத்தால் தெள்ளு ஓடும் என்பார்கள். பூண்டும் வெங்காயமும் நாய், பூனை இரண்டுக்கும் ரத்தசோகை உண்டாக்கும்.

வேப்பெண்ணெய்? நாம் பெரிதும் நம்புவது என்பதால் சொல்லியாக வேண்டும். உடம்பை நக்கிக்கொண்டே இருக்கும் பூனைக்குக் கெட்டியான வேப்பெண்ணெய் தடவுவது ஆபத்து. வேப்பிலைப் புகை கூட்டைத் துளைக்காது.

◆ குட்டிகளுக்குச் சொட்டு மருந்து வயது பார்த்துத்தான். ஆறேழு வாரக் குட்டிக்குப் பேன் சீப்புதான் மருந்து. பக்கத்தில் ஒரு கிண்ணம் சோப்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு, கழுத்திலிருந்து வால்வரை சீவிச் சீவிச் சீப்பை அதில் முக்குங்கள். வெறும் தண்ணீரில் தெள்ளு மிதந்து தப்பும். சோப்பு சேர்ந்தால் மூழ்கும். குட்டியின் ஈறைத் திறந்து பாருங்கள். இளஞ்சிவப்பு போய் வெளுத்திருந்தால் தெள்ளு அதன் ரத்தத்தைக் குறைத்துவிட்டது. அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

◆ பூனைத் தெள்ளு நம்மைக் கடிக்கும், நம் மேல் குடியிருக்காது. குழந்தைக்கு மொட்டை போட வேண்டியதில்லை. கடித்த இடத்தைச் சோப்பால் கழுவி, குளிர்ந்த துணி வைத்து, காலமைன் தடவினால் போதும். சொறிந்து புண்ணாகாமல் நகத்தை வெட்டிவிடுங்கள். காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் தெள்ளுக்கடியைப் பற்றியும் சொல்லுங்கள்.

◆ பூனை படுத்த இடத்தில் வெள்ளரி விதை, அரிசி போலச் சிறு துண்டுகள் கிடக்கின்றனவா? அவை நாடாப்புழுவின் கண்ணிகள். உடம்பை நக்கும்போது தெள்ளை விழுங்கியதால் வந்தது. குடற்புழு மாத்திரை மட்டும் கொடுத்துத் தெள்ளை விட்டுவைத்தால் அடுத்த மாதமே திரும்ப வரும்.

◆ தெள்ளுதான் பிளேக்கைப் பரப்புகிறது என்று கண்டுபிடித்த இடம் கராச்சி. 1898. பால்-லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், நோயுற்ற எலி ஒன்றை ஒரு கண்ணாடிக் குடுவையில் விட்டார். தங்கியிருந்த ஹோட்டலில் திரிந்த பூனையிடமிருந்தும் தெள்ளு பிடித்து அதில் போட்டார். அதே குடுவைக்குள், ஆரோக்கியமான ஓர் எலியைக் கம்பிவலைக் கூண்டில், ஒன்றையொன்று தொட முடியாதபடி வைத்தார். முதல் எலி செத்தது. சில நாளில் கூண்டு எலியும் பிளேக்கில் செத்தது. இரண்டுக்கும் நடுவே போய்வரக் கூடியது தெள்ளு மட்டுமே. அவர் சொன்னதை மருத்துவ உலகம் ஏற்கப் பல வருஷம் ஆயிற்று.

எலி செத்து விழுந்தால் வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வெளியே குடிசை போட்டுத் தங்கினார்கள் நம் முன்னோர். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் அந்தக் காலத்தைச் சொல்லிக்கொண்டு நிற்கின்றன. எலியின் உடம்பு குளிர்ந்ததும் தெள்ளு அதைவிட்டு வேறு சூட்டைத் தேடிக் கிளம்பும். பிளேக் பரவும் இடங்களில் முதலில் தெள்ளை ஒழித்துவிட்டு, பிறகே எலியில் கைவைப்பது இதனால்தான். நமக்கும் இதில் ஒரு பாடம்: செத்த எலியை வெறுங்கையால் தூக்காதீர்கள், வாசலில் கிடக்க விடாதீர்கள். பரணில் எலிவளையோ அணில் கூடோ இருந்தால் தெள்ளு அங்கிருந்தும் இறங்கி வரலாம்.

◆ தமிழ்நாட்டில் இப்போது அதிகம் பேசப்படும் ‘ஸ்க்ரப் டைஃபஸ்’ தெள்ளால் வருவதல்ல. அது புதர்களில் இருக்கும் நுண்ணிய சிற்றுண்ணிப் புழு கடித்து வருவது.

◆ இவ்வளவும் செய்தும் அடங்காவிட்டால் பூச்சி மருந்து அடிப்பவரைக் கூப்பிடலாம். அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘மெத்தோப்ரீன், பைரிப்ராக்ஸிஃபென் போல வளர்ச்சியைத் தடுக்கும் மருந்து சேர்த்து அடிப்பீர்களா?’ இவை முட்டையும் புழுவும் முழுப் பூச்சியாக ஆகாமல் தடுப்பவை. வெறும் கொல்லி மருந்து நடமாடுவதை மட்டும் கொன்றுவிட்டுப் போய்விடும். அடிக்கும்போது தவழும் குழந்தையும் பிராணிகளும் வீட்டில் இருக்கக் கூடாது. தரை முழுக்கக் காய்ந்த பிறகே உள்ளே வர வேண்டும். மீன் தொட்டி இருந்தால் மூடி, காற்றுப் பம்பை நிறுத்துங்கள். தெள்ளுக்கு அடிக்கும் பைரெத்ராய்டு வகை மருந்து மீனுக்குக் கடும் நஞ்சு. ஆளில்லாத அறையில் திறந்து வைக்கும் புகை டப்பாக்களை நான் சிபாரிசு செய்யமாட்டேன். புகை மேலே எழும்பிப் படிகிறது. தெள்ளுக் கூடு கட்டிலடியில் இருக்கிறது.

◆ மருந்து விட்டு இரண்டு வாரம் கழித்தும் தெள்ளு துள்ளினால், மருந்து பொய் என்று இன்னொன்றை வாங்கிக் கொட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டிய கூடுகளிலிருந்து அவை வந்துகொண்டே இருக்கும். எந்த மருந்தும் கூட்டுக்குள் சரியாகப் போவதில்லை. வெளியே வந்த தெள்ளு மருந்திட்ட பிராணியின் மேல் ஏறிச் சாக வேண்டும். எனவே வீட்டில் உள்ள எல்லா நாய்க்கும் எல்லாப் பூனைக்கும் ஒரே நாளில் மருந்து, மருத்துவர் சொன்ன இடைவெளியில் குறைந்தது மூன்று மாதம். ஒன்றை விட்டாலும் அதன் மேல் குடும்பம் நடக்கும்.

◆ தெள்ளு ஒழிந்ததா என்று பார்க்க வெள்ளைக் காலுறை போதும். முழங்கால் வரை இழுத்துவிட்டு, ஒவ்வோர் அறையிலும் ஐந்து நிமிஷம் நடக்க வேண்டும். ஊர் வீட்டில் முதல் ஞாயிறு என் காலுறையில் பதினேழு. பூனை திரும்பி வந்து மருந்தும் விட்டாயிற்று, தினமும் ஈரத்துணியும் போட்டோம். இரண்டாவது ஞாயிறு ஆறு. மூன்றாவதில் ஒன்பது, அக்கா கலங்கிப்போனாள். கூடுகள் காலியாகின்றன என்று சொல்லி மறுபடியும் கட்டிலை நகர்த்தித் துடைத்தோம். ஆறாவது ஞாயிறு, பின்கட்டில் ஒன்று. அதன் பிறகு காலுறையில் வந்ததெல்லாம் பூனை மயிர்தான்.