கூரை விசிறிக்கு மின்சாரம்

1914இல் திறக்கப்பட்டு 2022 வரை பயன்பட்ட பழைய பாம்பன் பாலத்தின்மேல் இரயில் ஊர்ந்து செல்லும்போதும் பெட்டிக் கூரையிலுள்ள விசிறிகள் சுழன்றுகொண்டேயிருக்கும். அவற்றிற்கு மின்சாரம் எங்கிருந்து வந்தது?

பழைய வகைப் பெட்டிகளின் அடியில் மின்னாக்கி ஒன்று உண்டு. சக்கரத்தின் அச்சு, பெல்ட் மூலம் அதனைச் சுழற்றும். அம்மின்சாரம் 110 வோல்ட் நேர்மின்சாரமாக்கப்பட்டு, விசிறிகளை இயக்குவதோடு பாட்டரியையும் நிரப்பும். வண்டி ஊர்ந்தாலோ நின்றாலோ பாட்டரியே கைகொடுக்கும்.

இராமேசுவரத்தில் இரவு தங்கும் சுற்றுலா வேன்களுக்கும் இந்நெறி பொருந்தும். கூரை விசிறி மிகவும் தேவைப்படுவது வண்டி நிற்கும்போது; எஞ்சின் மின்சாரம் தருவதோ ஓடும்போது. எஞ்சினைக் கிளப்பும் பாட்டரியிலேயே விசிறியை இணைத்தால், விடியற்காலையில் வண்டி கிளம்பாமல் போகலாம். ஆகவே விசிறிக்கெனத் தனிப் பாட்டரி வேண்டும்.

கணக்கு எளிது. 12 வோல்ட் விசிறி 2 ஆம்பியர் மின்சாரம் எடுத்தால், 8 மணி நேரத்தில் 16 ஆம்பியர்-மணி செலவாகும். ஈய-அமிலப் பாட்டரியைப் பாதிக்குமேல் வெறுமையாக்கினால் அதன் ஆயுள் குறையும். எனவே 40 ஆம்பியர்-மணிப் பாட்டரி ஓரிரவுக்குத் தாங்கும்.

செலவானதை மறுநாள் ஈடுசெய்யக் கூரையில் 100 வாட் சூரியத் தகடு ஒன்று போதும். நல்ல வெயிலில் அது சுமார் 5 ஆம்பியர் தரும். 4 மணி நேரத்தில் 20 ஆம்பியர்-மணி கிடைத்துவிடும். பாட்டரி அளவுக்குமேல் நிரம்பாதவாறு இடையே ஒரு சீராக்கி அவசியம்.

வெயிலுக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை. 2016இல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்ததும் அவ்வெயிலை நம்பித்தானே!