நேராக்கும் களிம்பை மாற்றுவதற்கு முன்

கூந்தலை நேராக்கும் களிம்பைப் பூசி, நேரம் முடிந்து அலசிப் பார்க்கையில், முன்பகுதி நேராகவும் பிடரிப் பகுதி பழைய சுருளாகவும் நிற்பதுண்டு. அரைவேக்காடாக நின்றுவிட்ட இந்நிலையைக் கண்டதும், மறுநாளே வேறொரு பெட்டியை வாங்கி வந்து மீண்டும் பூசிவிடலாம் என்றே பலருக்கும் தோன்றுகிறது. அந்த இரண்டாம் பூச்சினால் முடி கொத்தாக முறியலாம்; உச்சந்தலையும் புண்ணாகலாம்.

முடி, கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதன் இழைகளைக் கந்தக இணைப்புகள் ஏணிப்படிகள் போலப் பிணைத்திருக்கின்றன. நேராக்கும் மருந்துகள் இப்படிகளைத்தான் தாக்குகின்றன. ஆனால் தாக்கும் முறையில் இரண்டு குடும்பங்கள் உண்டு. நம் ஊர் அழகு நிலையங்களில் ரீபாண்டிங் என்ற பெயரில் செய்யப்படுவதில் பொதுவாக அம்மோனியம் தயோகிளைகோலேட் இருக்கும். அது கந்தக இணைப்பைத் திறக்கும். பிறகு பூசப்படும் ஹைட்ரஜன் பெராக்சைடு, நேரான வடிவில் அதனை மீண்டும் மூடும். ரிலாக்சர் என்று விற்கப்படும் களிம்புகளில் பெரும்பாலானவை ஹைட்ராக்சைடு வகை. ஆப்பிரிக்க வம்சாவளியினரின் அடர்ந்த சுருள்முடிக்காக அமெரிக்காவில் பரவலான இவை 12-க்கு மேற்பட்ட பி.ஹெச். அளவுடைய கடுங்காரங்கள். இவை கந்தக இணைப்பை நிரந்தரமாகவே வேறொன்றாக மாற்றிவிடுகின்றன. பின்னர் இடப்படும் ஷாம்பூ எஞ்சிய காரத்தை நீக்குமேயன்றி, பழைய இணைப்பை மீட்டுத் தராது.

ஆகவே, ஒரு குடும்பத்து மருந்து பட்ட முடியின்மேல் மற்றொரு குடும்பத்து மருந்து படக் கூடாது. பட்டால் முடி நைந்து அறுந்துபோகும். "ஆறு மாதம் ஆகிவிட்டதே" என்று சமாதானம் கொள்வதற்கும் இடமில்லை. தலைக்கு வெளியே வளர்ந்து நிற்கும் முடி உயிரற்றது. தன்னைத் தானே சீர்செய்துகொள்ளாது. முடி மாதத்திற்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளர்வதால், 30 செ.மீ. கூந்தலில் நுனிவரை புது முடியே இருக்க வேண்டுமானால் இரண்டரை ஆண்டுகள் ஆகும். ரீபாண்டிங் செய்துகொண்டவர் வேர்ப்பகுதியில் வளர்ந்த சுருளுக்காக ரிலாக்சர் பெட்டியை வாங்கும்போது இந்தக் கணக்கை நினைவிற்கொள்ள வேண்டும். பெட்டியின் முன்பக்கப் படத்தைவிடப் பின்பக்கத்திலுள்ள பொடி எழுத்துகளே முக்கியமானவை.

"நோ லை" என்று குறிப்பிட்டவை காரமற்றவை என்று எண்ணிவிடலாகாது. அவற்றில் பல, கால்சியம் ஹைட்ராக்சைடு களிம்பையும் குவானிடின் கார்பனேட் திரவத்தையும் பூசுவதற்குச் சற்றுமுன் கலப்பவை. அவையும் ஹைட்ராக்சைடு குடும்பமே. எனவே சோடியம் ஹைட்ராக்சைடிலிருந்து இதற்கு மாறுவது முடியை அறுக்காது. ஆயினும் இவ்வகை, முடியின்மேல் கால்சியம் படிவை விட்டுச்செல்லும். போர்வெல் உப்புநீரில் தலைக்குளிப்பவர்களுக்கு அப்படிவு இன்னும் கூடும். படிவு தடித்தால் அடுத்த முறை மருந்து சீராக உள்ளிறங்காது. அரைகுறையாக நேராவதற்கு இதுவும் ஒரு காரணம். இ.டி.டி.ஏ. கலந்த படிவுநீக்கி ஷாம்பூவைச் சில நாள்களுக்கு முன்பே பயன்படுத்துவது நன்று.

பிற காரணங்கள் எளியவை: தடித்த முடிக்கு வலுக்குறைந்த வகையைத் தேர்ந்தது, கைக்கு எட்டாத பிடரியில் மெல்லியதாகப் பூசியது, எரிச்சலுக்கு அஞ்சி முன்னதாகவே அலசியது. எரிச்சல் வந்ததும் அலசியது சரியே. சுருள் எஞ்சியதற்காக அதைத் தவறென்று கருத வேண்டியதில்லை.

அன்றே, அந்த வாரமே மீண்டும் பூசாதீர்கள். அடுத்த வேர்ப்பூச்சுக்குரிய 8 முதல் 12 வாரங்கள் கழியட்டும். அதுவரை பின்னலோ கொண்டையோ போதும். அன்றாடம் சூட்டுக்கருவியால் இழுத்து நேராக்குவது முடியை மேலும் நலிவுறச் செய்யும். வேளை வந்ததும் அதே வகை மருந்தைப் புது வளர்ச்சிக்கும் சுருள் எஞ்சிய பகுதிக்கும் மட்டும் இடுக. முன்பே நேரான பகுதியையும், நெற்றியோரம், காதோரம் முதலிய தோற்பகுதிகளையும் பெட்ரோலியம் ஜெல்லியால் மூடிக் காக்கலாம். பெட்டியில் குறித்த நேரத்தை மீறலாகாது. பிடரிப் பகுதியை வீட்டில் வேறொருவர் கையுறை அணிந்து பூசித் தருவதே நல்லது.

அதற்கு முன் ஈரமான ஒரு முடியை மெல்ல இழுத்துப் பாருங்கள். சற்று நீண்டு பழைய அளவுக்குத் திரும்பினால் நலம். பசைபோல நீண்டு அறுந்தால் எந்த மருந்தும் வேண்டாம். ப்ளீச் செய்த முடிக்கும் இவ்விலக்கு பொருந்தும். உலோக உப்புகள் கலந்த "கறுப்பு மருதாணி" இட்ட முடியில் பெராக்சைடு பட்டால் வெப்பம் உண்டாகி முடி கருகலாம். புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் முடி சுருளாக வளரத் தொடங்கியவர்கள், சிகிச்சையளிக்கும் மருத்துவரைக் கேளாமல் இவற்றைத் தொட வேண்டாம்.

களிம்பு கண்ணில் பட்டால் குழாய்நீரில் குறைந்தது 20 நிமிடம் இடைவிடாது கழுவிவிட்டு, உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். தோல் வெந்தால் நிறைய நீரால் அலசுங்கள். எலுமிச்சைச் சாறோ வினிகரோ இடாதீர்கள். கொப்புளம், நீர்க்கசிவு, வட்டமாக முடியுதிர்வு ஆகியவை தோன்றினால் தோல் மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடக் கூடாது. வேர் வடுவாகிவிட்ட இடத்தில் முடி மீண்டும் முளைப்பதில்லை. வரும்போது காலிப் பெட்டியையும் உடன் எடுத்து வாருங்கள்.