இங்கிலீஷ் வராவிட்டால் சயின்ஸும் வராதா? அமெரிக்கப் பள்ளிகளின் 'ஷெல்டர்டு' வகுப்பு என்ன செய்கிறது?

சொந்த நாட்டில் பயாலஜியில் நல்ல மார்க் வாங்கிய ஒரு மாணவி, 15 வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா போகிறார் என்று வைத்துக்கொள்வோம். செடி எப்படி உணவு தயாரிக்கிறது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். கேள்வித்தாளின் இங்கிலீஷ்தான் புரியவில்லை. ரிசல்ட்? 'சயின்ஸில் வீக்'!

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் இங்கிலீஷ் கற்றுக்கொண்டிருக்கும் மாணவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். ஏறக்குறைய 10 பேரில் ஒருவர். பெரும்பாலானோரின் வீட்டு மொழி ஸ்பானிஷ்.

சட்டம் என்ன சொல்கிறது?

சான் பிரான்சிஸ்கோவின் சீன வம்சாவளி மாணவர்கள் தொடுத்த வழக்கில், 1974-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பு சொன்னது (லாவ் எதிர் நிக்கோல்ஸ்). எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே டீச்சர் கொடுத்துவிட்டால் சமத்துவம் ஆகிவிடாது. பாடம் புரிவதற்குப் பள்ளி உதவி செய்ய வேண்டும் என்பதே அதன் சாரம்.

முதலில் இங்கிலீஷ், அப்புறம் சயின்ஸ்... சரிவருமா?

வராது. காரணம், கணக்கு இடிக்கிறது. பேச்சு இங்கிலீஷ் ஓரிரு வருடங்களில் வந்துவிடும். பாடப்புத்தக இங்கிலீஷ் கைவர 5 முதல் 7 வருடம் ஆகலாம் என்கிறார் கனடா ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ். ஹைஸ்கூலோ மொத்தமே 4 வருடம்தான்! அதனால்தான் இரண்டையும் சேர்த்தே சொல்லித்தரும் 'ஷெல்டர்டு' வகுப்புகள் வந்தன.

வகுப்பில் என்ன பண்றாங்க?

முதலில் சோதனை, அப்புறம்தான் சொல். உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றை உப்புத் தண்ணீரிலும், இன்னொன்றை சாதாரண தண்ணீரிலும் போடுகிறார்கள். முதலாவது தளர்ந்துபோகிறது, இரண்டாவது விறைப்பாகிறது. ஏன் என்று மாணவர்கள் தங்கள் மொழியிலேயே பேசிக்கொள்ளலாம். பிறகு, "துண்டு தளர்ந்தது, ஏனென்றால்..." என்று டீச்சர் தொடங்கிவைக்கும் இங்கிலீஷ் வாக்கியத்தை முடிக்க வேண்டும். கடைசியில்தான் 'ஆஸ்மோசிஸ்' என்ற சொல் போர்டுக்கு வருகிறது.

எந்தச் சொல் கஷ்டம்?

பெரிய சொற்கள் இல்லை! 'போட்டோசிந்தசிஸ்' ஸ்பானிஷிலும் கிட்டத்தட்ட அதே சொல்தான். குழப்புவது 'ஒர்க்', 'டேபிள்', 'சொல்யூஷன்' மாதிரியான தினசரிச் சொற்கள். நகராத சுவரை ஒரு மணி நேரம் தள்ளினால் வியர்வை கொட்டும். ஆனால் பிசிக்ஸ் கணக்கில் சுவர் மீது செய்த 'ஒர்க்' பூஜ்யம். தமிழில் 'வேலை' என்று படித்தவர்களுக்கும் இதே குழப்பம் வந்திருக்குமே!

ஆபத்து எங்கே?

இங்கிலீஷை எளிமையாக்குகிறோம் என்று சொல்லிக்கொண்டு, சயின்ஸையே சுருக்கிவிடுவதில். படத்துக்கு கலர் அடிப்பது, கோடிட்ட இடத்தை நிரப்புவது என்று வகுப்பு முடிந்தால், மார்க் வரும். காலேஜில் கெமிஸ்ட்ரி எடுக்கும் தைரியம் வராது.

நல்ல வகுப்பைக் கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: வாக்கியம் தப்பாக இருந்தாலும், 'ஏன்' என்பதற்கு மாணவர் காரணம் சொல்கிறாரா?